ஷோதான் தேர்வுக்கு ஆறு மாதம்: கறுப்பு பெல்ட்டுக்குத் தயாராவது எப்படி?

ஷோதான் தேர்வில், அதாவது முதல் கறுப்பு பெல்ட் தேர்வில், முதல் தடவை நான் கோட்டை விட்டது பஸ்ஸாய் தாய் என்ற கட்டாவில் இல்லை. கட்டா என்றால் தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை. அதை நன்றாகவே செய்தேன். ஒரு வருடமாக அதை மட்டுமே செய்துகொண்டிருந்தவன் அதையாவது உருப்படியாகச் செய்ய வேண்டாமா? முடித்துவிட்டு நின்றதும் மேஜைக்குப் பின்னால் இருந்த தேர்வாளர் "ஹெய்யான் நிதான்" என்றார். வெள்ளை பெல்ட்டை அவிழ்த்த கையோடு படித்த கட்டா. "ஹாஜிமே" (தொடங்கு) சொன்னார். இடது பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் தூக்கினேன். விரல்கள் விரிந்திருந்தன.

ஷோடோகான் கராத்தே படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நிதானில் அந்த இடத்தில் முஷ்டி மூடியிருக்க வேண்டும், கை விருட்டென்று வர வேண்டும். விரித்த கையை மெதுவாகத் தூக்கினால் அது ஹெய்யான் யோந்தான், வேறொரு கட்டா. தப்பு என்று மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. மறுபடி ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதற்குள் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்த தேர்வுக்குத் தயாரான விதமும், பிறகு மாணவர்களைத் தயார் செய்யும்போது தெரிந்துகொண்டதும்தான் இந்த வழிகாட்டி. நான் சொல்வது ஷோடோகான் கராத்தே பற்றி. தேக்வாண்டோவுக்கும் மற்ற கராத்தே பாணிகளுக்கும் பாடத்திட்டம் வேறு. பயிற்சி செய்யும் முறையை மட்டும் அவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், இது என்ன தேர்வு?

'ஷோ' என்றால் தொடக்கம், 'தான்' என்றால் படி. ஷோதான் என்பது முதல் படி. 'ஒன்று' என்பதற்கு ஜப்பானிய மொழியில் 'இச்சி' இருக்கும்போது அதைப் போடாமல் 'ஷோ' என்று வைத்திருக்கிறார்கள். இந்தத் தான் முறை கராத்தேவில் பிறந்ததும் இல்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883-ல் தன் மாணவர்கள் இருவருக்கு ஷோதான் கொடுத்தார். ஒகினாவாவிலிருந்து 1922-ல் டோக்கியோ வந்து கராத்தேயைச் செய்து காட்டிய கிச்சின் ஃபுனகோஷி, அந்த முறையை எடுத்துக்கொண்டு 1924-ல் தன் மாணவர்களுக்கு முதல் தான்களை வழங்கினார். ஷோடோகான் என்ற பெயரே அவருடைய புனைபெயரான 'ஷோட்டோ'விலிருந்து வந்ததுதான்.

வெள்ளை பெல்ட் துவைக்காமல் அழுக்கேறி அழுக்கேறிக் கறுப்பானது என்று ஒரு கதை எல்லா டோஜோவிலும் (பயிற்சிக்கூடத்திலும்) சுற்றும். கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பெரும்பாலான ஷோடோகான் அமைப்புகளில் தேர்வுக்கு மூன்று பகுதிகள்: கிஹோன், கட்டா, குமிட்டே. அதாவது அடிப்படை அசைவுகள், வரிசை, ஜோடிப் பயிற்சி. ஓடு உடைப்பது, செங்கல் உடைப்பது எல்லாம் ஆண்டு விழா மேடைக்கு.

படி 1: பயிற்சிக்கு முன்னால் காகித வேலை

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

மாஸ்டரிடம் கூச்சப்படாமல் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எழுதப்பட்ட பாடத்திட்டம் இருக்கிறதா? தேர்வு எடுப்பவர் யார், அவர் எத்தனையாவது தான், ஷோதான் கொடுக்கும் தகுதி அவருக்கு உண்டா? சான்றிதழ் எந்த அமைப்பின் பெயரில் வரும்? மொத்தச் செலவு எவ்வளவு, அதில் தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், பெல்ட் எல்லாம் அடக்கமா? நம் ஊரில் தெருவுக்கு ஒரு கராத்தே பள்ளி இருக்கிறது. ஒரு வருடத்தில் கறுப்பு பெல்ட் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒழுங்காக வாரம் மூன்று வகுப்பு போகிறவருக்கே மூன்று முதல் ஐந்து வருடம் பிடிக்கும் விஷயம் இது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் தேர்வு எழுதுவதைப் பற்றி இரண்டு தடவை யோசியுங்கள்.

அப்புறம் பெயர். சிரிக்காதீர்கள், இதில் எத்தனையோ பேர் மாட்டியிருக்கிறார்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால். எதைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்புகிறீர்களோ அதுதான் சான்றிதழில் ஏறும். வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து வரும் சான்றிதழ் என்றால் திருத்த மாதக்கணக்கில் ஆகும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே எழுதுங்கள். விண்ணப்பத்தை மாஸ்டரோ அலுவலகத்தில் யாரோ நிரப்ப விடாமல் நீங்களே நிரப்புங்கள்.

பெல்ட் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். பழைய கிரேடிங் எல்லாவற்றுக்கும் தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா? பிரவுன் பெல்ட்டின் கடைசி நிலையான முதல் க்யூ வாங்கி எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் இரண்டு மாதம், கால் மட்டும்

பிரவுன் பெல்ட்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கை வேகமாகிவிடும், கால் சோம்பேறியாகிவிடும். தேர்வாளர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து பார்த்தால் அவர் கண்ணில் முதலில் படுவது உங்கள் கால்தான்.

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரு வாளித் தண்ணீரில் கால்களை நனைத்துக்கொண்டு, ஜென்குட்சு தாச்சியில் (முன்கால் மடங்கிய நீண்ட நிலை) ஐந்து ஓய் சுக்கி (அடி எடுத்து வைத்துக் குத்துவது) முன்னால் போங்கள். சட்டென்று ஒதுங்கி, தரையில் உள்ள ஈரத் தடங்களைப் பாருங்கள். ஐந்து தடங்களும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா? இடது, வலது கால்களுக்கு நடுவே தோள் அகலம் இருக்கிறதா, இல்லை கயிற்றில் நடந்த மாதிரி ஒரே கோட்டிலா? பின்காலின் தடம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா, அல்லது பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கிறதா? குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் தடமே இல்லையென்றால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு குத்துகிறீர்கள் என்று அர்த்தம். நான் முதல் தடவை செய்து பார்த்தபோது என் மூன்றாவது அடி மற்றவற்றைவிடக் கிட்டத்தட்ட அரை அடி குட்டையாக இருந்தது. எத்தனை வருடமாக அப்படிப் போய்க்கொண்டிருந்தேனோ!

அளவுகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஜென்குட்சுவில் எடை முன்காலில் 60, பின்காலில் 40. பின்கால் எடை தாங்கும் நிலையான கோகுட்சுவில் பின்காலில் 70, முன்காலில் 30. இரண்டு குதிகால்களும் ஒரே கோட்டில். குதிரைச் சவாரி நிலையான கிபா தாச்சியில் சரிபாதி, பாதங்கள் இணையாக. தெரிந்ததைச் செய்கிறோமா என்பதைத்தான் ஈரத் தடம் சொல்லும். கோகுட்சுவில் ஷுட்டோ உகே (விரித்த கையால் போடும் பிளாக்) போட்டுக்கொண்டே பின்னால் வாருங்கள். நிறைய பேருக்கு மூன்றாவது அடியிலேயே எடை நடுவுக்கு வந்துவிடும்.

ஷோதான் கிஹோனில் ஒற்றை அசைவை விடச் சேர்க்கைகள்தான் அதிகம்: ஒரே அடியில் மூன்று குத்து விடும் சான்போன் சுக்கி, மேல் பிளாக்கான ஆகே உகேவோடு எதிர்க்கைக் குத்தான கியாக்கு சுக்கி, வெளியிலிருந்து உள்ளே தடுக்கும் சோத்தோ உகேயிலிருந்து கிபா தாச்சிக்கு மாறி முழங்கை அடி, இப்படி. சேர்க்கையில் அவசரப்படுகிறவர்கள் முதல் அசைவை விழுங்கிவிடுவார்கள். பிளாக் பாதியில் நிற்கும், குத்து மட்டும் பிரமாதமாக வரும். எனவே முதல் மாதம் ஒவ்வொரு சேர்க்கையையும் பிரித்துச் செய்யுங்கள். இரண்டாவது மாதத்தில் சேருங்கள். குத்தாத கை, அதாவது ஹிக்கிதே, இடுப்புக்குத் திரும்பி வருகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். களைத்ததும் முதலில் நழுவுவது அதுதான்.

உதையில் மாயே கேரி (முன் உதை), மவாஷி கேரி (சுழல் உதை) சமாளித்துவிடலாம். மாட்டிவிடுவது யோகோ கேரி என்னும் பக்கவாட்டு உதை. கேஆகேயும் கெக்கோமியும் இரண்டு வெவ்வேறு உதைகள். ஒன்று விசிறி மேலே வெட்டித் திரும்புவது, இன்னொன்று முழங்காலை உயர்த்தி நேராகத் தள்ளுவது. தேர்வாளர் இரண்டையும் அடுத்தடுத்து கேட்பார், வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தினமும் பத்துப் பத்து செய்யுங்கள். வேகமாக நூறு செய்வதைவிட இது கடினம்.

படி 3: கட்டா

தேர்வில் பொதுவாக இரண்டு கட்டா. ஒன்று நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தது. இன்னொன்று தேர்வாளர் அந்த இடத்தில் சொல்வது. ஐந்து ஹெய்யான் கட்டாக்களிலும் தெக்கி ஷோதான் என்ற கட்டாவிலும் எது வேண்டுமானாலும் வரலாம்.

விருப்பக் கட்டாவை ஆறு மாதத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். பஸ்ஸாய் தாய் 42 அசைவு, ஜியோன் 47, என்பி 37, ஹாங்கெட்சு 41, கான்கு தாய் 65. எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தப்பு. என்பி குட்டைதான், ஆனால் கடைசியில் சுழன்று குதிக்க வேண்டும். குதித்து இறங்கும்போது தள்ளாடினால் அதுவரை செய்ததெல்லாம் மறந்துபோகும். கான்கு தாய்க்கு மூச்சு வேண்டும். ஹாங்கெட்சுவின் மெதுவான பகுதியில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வயது முப்பதைத் தாண்டியவர்களுக்கும் முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கும் நான் ஜியோனைத்தான் சொல்வேன். குதியல் கிடையாது, எல்லாம் அடிப்படை நிலைகள், ஒழுங்காகச் செய்தால் கம்பீரமாகத் தெரியும். பஸ்ஸாய் தாயைப் பெரும்பாலோர் எடுப்பார்கள். தேர்வாளர் அன்று காலையிலிருந்து இருபது பஸ்ஸாய் தாய் பார்த்திருப்பார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒலிம்பிக் வீடியோக்களைப் பார்த்துக் கட்டாவை மெருகேற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ரியோ கியூனாவை நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். ஆனால் அவருடையது ரியூயே-ரியூ பாணி. அந்தப் போட்டி முறையின் நீண்ட இடைநிறுத்தம், உரக்க விடும் மூச்சு, கீ என்னும் கராத்தே உடையை உதறும் சத்தம், இதையெல்லாம் ஷோடோகான் தேர்வில் கொண்டுபோய்ப் போட்டால் மேஜையில் இருக்கும் பெரியவர்கள் ரசிக்க மாட்டார்கள்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடத்துக்கு வருகிறேன். ஹெய்யான்களைத் தனித்தனியாக எல்லோரும் செய்வார்கள். வகுப்பில் மாஸ்டர் ஹெய்யான் ஷோதான், நிதான், சாந்தான் என்று வரிசையாகவே சொல்லுவார். அந்த வரிசை உடம்பில் பதிந்துவிடும். திடீரென்று நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் முதல் அசைவு வராது. முதல் அசைவு வந்துவிட்டால் மிச்சம் தானாக வரும்.

அதற்கு நான் கண்ட வழி சீட்டுக் குலுக்கல். ஆறு கட்டாவின் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டம்ளரில் போடுங்கள். வீட்டில் இருக்கும் யாராவது, என் விஷயத்தில் அக்கா பையன், ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். நீங்கள் கட்டாவின் பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டு உடனே தொடங்க வேண்டும். முழுக் கட்டா தேவையில்லை, முதல் நான்கு அசைவு போதும். நிறுத்தி, அடுத்த சீட்டு. பதினைந்து நிமிடத்தில் நாற்பது சீட்டு எடுக்கலாம். மூன்று வாரத்தில் நிதானும் யோந்தானும் என் கையில் பிரிந்துவிட்டன.

கூடவே இரண்டு பழக்கங்கள். முதலாவது, திசையை மாற்றுங்கள். தினமும் ஒரே சுவரைப் பார்த்துத் தொடங்கினால், ஜன்னல் பக்கம் திரும்பணும், கதவுப் பக்கம் உதைக்கணும் என்றுதான் மனதில் பதியும். தேர்வு நடக்கும் மண்டபத்தில் உங்கள் ஜன்னலும் கதவும் இருக்காது. மூலைவிட்டமாக நின்றும் தொடங்கிப் பாருங்கள். இரண்டாவது, பக்கத்தில் ஒருவர் வேறு கட்டா செய்ய, நீங்கள் உங்களுடையதைச் செய்யுங்கள். தேர்வில் இரண்டு மூன்று பேரை ஒன்றாக நிறுத்துவது உண்டு. ஓரக்கண்ணால் பக்கத்து ஆளைப் பார்த்தவர் போனார்.

எண்ணிக்கை சொல்லிச் செய்வதும் எண்ணிக்கை இல்லாமல் செய்வதும் வேறு வேறு. இச்சி, நி, சான் என்று தேர்வாளர் எண்ணும்போது அவருடைய எண்ணுக்கு முன்னால் ஓடக்கூடாது. அவர் வேண்டுமென்றே இழுப்பார்.

படி 4: குமிட்டே

ஷோதானில் பெரும்பாலும் கேட்பது ஜியூ இப்போன் குமிட்டே. தாக்குபவர் "ஜோதான்" (முகம்), "சூதான்" (உடம்பு), "மாயே கேரி" என்று தாக்குதலை அறிவித்துவிட்டு, தூரம் பார்த்து, ஒரே ஒரு தடவை தாக்குவார். தடுப்பவர் தடுத்து, ஒரே ஒரு பதிலடி கொடுக்க வேண்டும். தற்காப்புக்குத்தான் மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டு தாக்கும்போது ஏனோதானோவென்று குத்துகிறவர்கள் உண்டு. தாக்குபவரையும் அங்கே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். குத்து, எதிராளி அசையாமல் நின்றால் போய்ச் சேரும் தூரத்திலும் குறியிலும் வர வேண்டும். காதுக்குப் பக்கத்தில் காற்றில் குத்துவது நட்பு, குமிட்டே அல்ல.

தடுப்பவருக்கு இரண்டு தப்புகள் பொது. தாக்குதல் கிளம்புவதற்கு முன்பே நகர்ந்துவிடுவது ஒன்று. தேவைக்கு மேல் பின்வாங்கிவிட்டுப் பதிலடிக்கு எட்டாமல் குனிந்து குத்துவது இன்னொன்று. இரண்டாவதுக்கு மருந்து, பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் பயிற்சி செய்வது. நேர் பின்னால் போக இடமில்லை என்றால் கால் தானாகக் கோணலாக விலகக் கற்றுக்கொள்ளும்.

ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு பதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து தாக்குதல், ஐந்து பதில், இடம் வலம் இரண்டிலும். யூடியூபில் பார்த்த ஆறாவது ஒன்றைத் தேர்வன்று முயற்சி செய்ய வேண்டாம். பதிலடியைத் தோலைத் தொடும் முன் நிறுத்துங்கள். துணையின் மூக்கில் ரத்தம் வந்தால் அது உங்கள் வலிமைக்குச் சாட்சியாகாது, கட்டுப்பாடு இல்லை என்றே எழுதுவார்கள். அடித்த பிறகு உடனே தளர்ந்து நடக்காமல், கண்ணை எடுக்காமல், கையை வைத்தபடி ஒரு கணம் நிற்க வேண்டும். ஜான்ஷின் என்று வகுப்பில் சொல்வது இதைத்தான்.

முடிந்தால் தேர்வுக்கு முன் வேறு டோஜோ ஆட்களோடு இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். தினமும் பழகிய நண்பரின் குத்து எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். தேர்வில் உயரத்தைப் பார்த்து யாரோடு வேண்டுமானாலும் ஜோடி சேர்ப்பார்கள்.

படி 5: உடம்பு

மணிக்கணக்கில் ஓட வேண்டாம். விருப்பக் கட்டா ஒரு தடவை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி. இப்படி ஐந்து தடவை செய்துவிட்டு ஐந்தாவதை வீடியோ எடுத்துப் பாருங்கள். தேர்வன்று கிஹோன் முடித்துக் களைத்த பிறகு உங்கள் கட்டா இப்படித்தான் இருக்கும்.

சிமென்ட் தரையில் தவளைக் குதி, வாத்து நடை எல்லாம் பழைய காலத்துத் தண்டனைகள். முழங்கால் போய்விட்டால் தேர்வும் போய்விடும். அதற்குப் பதில் கிபா தாச்சியில் நிமிடக்கணக்கில் நில்லுங்கள். தேர்வு மேட் விரிப்பில் என்றால் அதிலும் சில வகுப்புகள் பழகுங்கள். மொசைக் தரையில் வழுக்கித் திரும்பும் பாதம் மேட்டில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது.

கடைசி வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். கடைசி இரண்டு நாள் சீட்டுக் குலுக்கல் மட்டும்.

படி 6: தேர்வு நாள்

முதல் நாள் இரவே கீயைத் துவைத்து இஸ்திரி போட்டு வையுங்கள். கை கால் நகம் வெட்டுங்கள். மோதிரம், கம்மல், மூக்குத்தி, மெட்டி, செயின் எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். கழற்ற முடியாதது இருந்தால் டேப் ஒட்டலாமா என்று முன்பே கேளுங்கள். கோயிலில் கட்டிய கயிறும் இந்தக் கணக்கில் வரும். பெண்கள் கீக்குள் வெள்ளை டி-ஷர்ட் போட்டுக்கொள்ளலாம். முடிக்கு உலோக கிளிப் வேண்டாம், ரப்பர் பேண்ட் போதும். இன்ஹேலர் பயன்படுத்துகிறவர்கள் அதை மாஸ்டரிடம் கொடுத்து வையுங்கள்.

வெளியூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து காலையில் நேராக மண்டபத்துக்குப் போவதைக் கூடுமானவரை தவிருங்கள். காலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக மூன்று இட்லி. பொங்கல் வேண்டாம், காரணம் எல்லோருக்கும் தெரியும். கையில் வாழைப்பழமும் ஓ.ஆர்.எஸ்.ஸும் இருக்கட்டும். உங்கள் முறை மத்தியானம் இரண்டு மணிக்குக்கூட வரலாம். அந்தக் காத்திருப்பில்தான் பாதிப் பேர் உடம்பு ஆறி, இறுகிப் போகிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து அசையுங்கள்.

பெயர் கூப்பிட்டால் "ஓஸ்" அல்லது "ஹாய்" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஓடிப் போய் நில்லுங்கள். கட்டாவின் பெயரை நீங்கள் சொல்லும் குரலிலேயே தேர்வாளர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். கியாய் என்னும் கத்தல் வயிற்றிலிருந்து வரட்டும்.

தப்பு செய்துவிட்டால்? முகத்தில் காட்டாதீர்கள், நாக்கைக் கடிக்காதீர்கள், மாஸ்டரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். சின்னத் தப்பு என்றால் தொடருங்கள். சுத்தமாக மறந்துபோனால் அந்த நிலையிலேயே அசையாமல் நின்று, "யமே" (நிறுத்து) சொல்லும் வரை காத்திருங்கள். மறுபடி செய்யச் சொன்னால், இரண்டு மூச்சு எடுத்த பிறகே பெயரைச் சொல்லுங்கள். நான் அன்று மூச்சு எடுக்கவில்லை.

முடிவு வந்த பிறகு

சில இடங்களில் அன்றே சொல்வார்கள், சில இடங்களில் காத்திருக்க வேண்டும். தேறாவிட்டால் எந்தப் பகுதியில் என்று மாஸ்டர் மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுதேர்வில் எந்தெந்தப் பகுதியைச் செய்ய வேண்டும் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். நான் ஆறு மாதம் கழித்துப் போனபோது என்னிடம் நிதான் கேட்கவில்லை, தெக்கி ஷோதான் கேட்டார்கள்.

தேறிவிட்டால் சான்றிதழ் வந்ததும் பெயர், இனிஷியல், தேதி மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். பெல்ட் வாங்கும்போது பளபளவென்று இருக்கும் சாட்டினைவிடப் பருத்தி நல்லது. எதுவானாலும் புது பெல்ட் முறைப்பாகத்தான் இருக்கும், முதல் சில வாரம் முடிச்சு நிற்காது. வகுப்பில் கட்டா நடுவே அவிழ்ந்து விழும். விழட்டும், கட்டாவை முடித்துவிட்டு எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.